என் முன்னால் நேரில் வந்து நின்றார்

வாசலில் நிற்பது யாருக்கும் வரும். உள்ளே இருக்கிறவரை இல்லை என்று முகம் கோணாமல் சொல்ல வந்தால்தான் அது சர்க்கார் வேலை.

அந்த வேலையை நான் புதுச்சேரிப் பட்டணத்தில் ஒரு மேரியின் வாசலில் பார்த்தேன். மேரி என்றால் முனிசிபல் ஆபீஸ், அதன் தலைவர் மேர். பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. எந்த மேரி, எந்த மேர் என்று கேட்காதீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் நின்று சௌக்கியம் விசாரிக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் பென்ஷன்காரர்களாக இருப்பீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது போய் நின்று, இன்னும் சாகவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது மூணாவது வரைக்கும். எழுத்தில் தப்பு இருக்கும். காதில் விழுந்ததில் தப்பு இருக்காது.

கொய்யா மரத்து வாசல்

ஐம்பத்து நாலில் கொடி மாறியது. ஊரெல்லாம் வெடி, மேளம். நானும் தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன். மறுவாரம் மேரிக்கு வந்தால் அதே நாற்காலி, அதே மைக்கூடு, அதே பெஞ்சு. பெஞ்சில் இருந்த கிழவர்கள் முகம் மட்டும் வேறாக இருந்தது. பிரெஞ்சு சர்க்காரில் துறைமுகம், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று உழைத்து ஓய்ந்தவர்கள் அவர்கள். பென்ஷன் நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டு சர்க்காருக்கும் நடுவில் முழுக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்றார்கள். ஆன பிறகு கொடுக்கப்போவது யார், எத்தனை நாளைக்கு, புருஷன் போனால் பெண்டாட்டிக்கு உண்டா, ஒன்றும் தெரியாது. துரைமார் தங்கள் துணிமூட்டையோடு அதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. நானும் அவர்கள் காலத்தில் சேர்ந்தவன். ஓய்வுக்கு ஏழெட்டு வருஷம் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பென்ஷன்காரர் மேரிக்கு வரவேண்டும். மேர் அவர் முகத்தைப் பார்த்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். 'இன்ன தேதியில் இன்னார் என் முன்னால் நேரில் வந்து நின்றார், உயிரோடு இருக்கிறார்' என்று அதில் இருக்கும். ஊரில் அதற்கு உயிர்க் காகிதம் என்று பேர். அதைக் காட்டினால்தான் பென்ஷன். சிக்கல் இங்கேதான். மேர் ஓட்டு வாங்கி வந்தவர். முகத்தைப் பார்த்தால் கிழவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பென்ஷன் கதி என்ன, முனிசிபல் சபையில் பேசுங்கள் என்பார்கள். பேசினால் டில்லிக்குக் கோபம் வருமோ, வெள்ளைக்காரன் பக்கம் என்று எதிர்க்கட்சி பட்டம் கட்டுமோ என்று அவருக்குக் கிலி. அதனால் உயிர்க் காகித நாளன்று பின்பக்கம் கிணற்றைத் தாண்டி, கொய்யா மரத்தடி வழியாகப் போய்விடுவார். நான் முன்வாசலில் நின்று, ஐயா இன்னும் வரவில்லை என்பேன். நாலு நாள் அலைந்தால்தான் ஒருத்தருக்குக் கையெழுத்துக் கிடைக்கும்.

ஒரு நாள் அப்படிச் சொல்லி வாயை மூடவில்லை, பின்பக்கம் கொய்யாக் காய் பொலபொலவென்று உதிர்கிற சத்தமும் ஐயோ என்று ஒரு குரலும் கேட்டது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பெருமாளு, வராத மனுஷன் வழுக்கி வுழுந்துட்டாரு, போய்த் தூக்கு."

தைத்த கை

காதர் பாய் சர்க்கார் அச்சுக்கூடத்தில் புத்தகம் தைத்தவர். முல்லா வீதியில் வீடு. ஒரே பெண், காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்தார். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் படிப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்பார். எங்கள் அலமாரியில் நடவடிக்கைப் புத்தகங்கள் வரிசையாக நிற்கும். சபையில் யார் என்ன பேசினார் என்று எழுதிவைக்கிற தடிப் புத்தகங்கள். அத்தனையும் பாய் கையால் தைத்தது. அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ஆனால் முதுகைப் பார்த்தே இது எந்த வருஷத்துத் தோல் என்று சொல்வார்.

மற்றவர்கள் பென்ஷன் வருமா என்று கேட்டார்கள். பாய் கேட்டது வேறு. வருகிறதோ வரவில்லையோ, அந்தக் கேள்வியைச் சபையில் யாராவது எழுந்து கேட்கவேண்டும், அது அந்தப் புத்தகத்தில் ஏறவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. எழுதி வைத்தால் என்ன வந்துவிடப்போகிறது பாய் என்றேன். அலமாரிக் கண்ணாடியில் இருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நாய் புடிக்கிறது, குப்பை வண்டி மாடு செத்தது, பேண்டு வாத்தியம் ரிப்பேரு, எல்லாத்தையும் வெச்சு இதிலே தைச்சேன். எங்க சேதி ஒரு வரி இல்லாம நான் போறதா?"

ஒரே தையல்காரன்

தேர்தல் வந்தது. இரண்டு கட்சி. சுதந்திரம் வாங்கித் தந்தது நான்தான் என்று ஒருவர், இல்லை நான்தான் என்று இன்னொருவர். சாக்கடை, குழாய், மீன் மார்க்கெட்டுக் கூரை எல்லாவற்றிலும் சண்டை. பென்ஷன் என்று வந்தால் மட்டும் மாமன் மச்சான் மாதிரி ஒற்றுமை. குருசுக்குப்பத்தில், துறைமுகப் படகில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர் ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்த எங்கள் மேரை நிறுத்தி இதைக் கேட்டாராம். மேர் குனிந்து, வஞ்சிரம் இப்போது என்ன விலை என்று விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாராம்.

காதர் பாய் மேலே விழுந்து கேட்கிறவர் இல்லை. மேர் கட்சிக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு சீட்டில் கேள்வியைத் தமிழில் முத்து முத்தாக எழுதி மேடைக்கு அனுப்பினார். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தாமல் வாங்கினார், படித்தார், நாலாக மடித்தார், ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினார். மறுநாள் சாயங்காலம் அதே மைதானத்தில் அடுத்த கட்சி. அதே கேள்வி, புதுச் சீட்டு. அவரும் வாங்கினார், படித்தார், நாலாக மடித்தார், பையில் போட்டார். திரும்பி நடந்தோம். பாய் பெரிய வாய்க்கால் பாலத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கட்சிதான் வேற பெருமாளு. ரெண்டு பேருக்கும் பை வெச்சவன் ஒரே தையல்காரன்."

கடைசி விஷயம்

ஒரு வழியாகக் கிழவர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு மனு போட்டார்கள். மனு வந்தால் சபைப் பட்டியலில் சேர்க்காமல் முடியாது என்று கிளார்க் அருளப்பர் சொல்லிவிட்டார். அருளப்பர் சட்டம் தெரிந்த மனுஷர். பிரெஞ்சும் தமிழும் ஒரே வேகத்தில் எழுதுவார். வாய் மட்டும் சாத்தியே இருக்கும். மேர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சேர்த்துக்கொள், கடைசி விஷயமாகப் போடு என்றார்.

அதன் சூட்சுமம் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பாதிக்கு மேல் ஆள் இருந்தால்தான் சபை. கடைசி விஷயம் நெருங்கும்போது ஒருத்தருக்கு வில்லியனூர் பஸ், ஒருத்தருக்கு வயிறு, ஒருத்தருக்கு மாமியார் சாகக் கிடக்கிறாள். ஆள் குறைந்ததும் மேர் மணியை அடித்து, சபை கலைந்தது என்பார். பேசாத விஷயம் புத்தகத்தில் ஏறாது. அடுத்த கூட்டத்தில் மறுபடி கடைசி விஷயம். அந்த மாமியார் எங்கள் சபையில் ஐந்து தடவை சாகக் கிடந்தாள். பாய் ஒவ்வொரு தடவையும் சலவைச் சட்டையும் தொப்பியுமாக வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்.

ஐப்பசியில் ஒரு கூட்டம், நல்ல மழை. கவுன்சிலர்களின் குடையை வாங்கி வைப்பது என் வேலை. அன்றைக்கு எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. குடை அத்தனையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பை வண்டிக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டேன். தூறல் போட்டாலே கூட்டத்துக்கு வராதவர்கள், இந்த மழையில் எங்கே போவார்கள் என்று நினைத்தேன். கடைசி விஷயம் வந்தது. குடை எங்கே என்றார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். துண்டைத் தலையில் போட்டார்கள், வேட்டியை மடித்துக் கட்டினார்கள், ஒவ்வொருத்தராக இறங்கி மழையில் ஓடினார்கள். மாமியார்க்காரர் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். அருளப்பர் பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார். குடைக்கு நான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியும். சொன்னார்: "மழையிலே யாரும் கரைய மாட்டாங்க பெருமாள். வாயைத் திறந்தாத்தான் கரைவாங்க."

கையெழுத்துக் கட்டு

கொய்யா மரத்தடியில் விழுந்த இடுப்பு சரியாக மேருக்கு மாதக்கணக்கு ஆயிற்று. அந்த வழி கசந்துபோயிருக்கவேண்டும். ஒரு நாள் எழுதாத உயிர்க் காகிதங்களைக் கட்டாக எடுத்துவரச் சொல்லி, ஒரே மூச்சில் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார். பேரையும் தேதியையும் அருளப்பர் நிரப்பிக்கொள்ளவேண்டியது. நடக்கமுடியாதவர்களுக்கு நான் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது. கிழவர்கள் மேரை வாழ்த்தினார்கள். காத்திருக்க வேண்டாம், கால் கடுக்க வேண்டாம். கேட்கவும் வேண்டாம். நாலைந்து தவணை போனதும் கேட்பதையே மறந்துபோனார்கள். என் பெண்டாட்டிகூட, நல்ல மனுஷன், வயசானவங்களை அலையவிடலை பாரு என்றாள்.

காதர் பாய் மட்டும் அதை வாங்கமாட்டேன் என்றார். விடிந்ததும் வந்து பெஞ்சில் உட்காருவார். மேர் தன் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடவேண்டும். மேர் அறை சாத்தியிருக்கும். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும். நான் என் வழக்கப்படி, ஐயா இல்லை என்பேன். அவர் என் முகத்தைப் பார்த்து, பாவம் என்கிற மாதிரி தலையாட்டுவார். மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது எழுந்து போய் அருளப்பரிடம் கையை நீட்டுவார். வீட்டில் அடுப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தடவை காகிதத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "வந்து நின்னேன்னு எழுதியிருக்கு. நின்னது நிசம். பாத்தவரைத்தான் காணோம்."

நாலு தாள்

சும்மா உட்கார அவர் கைக்கு வராது. ஒரு நாள் நடவடிக்கைப் புத்தகம் முதுகு பிய்ந்து கிடந்தது. அருளப்பர் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். மறுநாள் ஊசி, நூல், மெழுகு, ஒரு தகர டப்பாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை எல்லாம் மேரிக்கு வந்து சேர்ந்தது. தாழ்வாரத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, பிரித்துத் தைத்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் வேறு. ஐயா வந்தாரா, இல்லையா என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.

முடிக்கும்போது கடைசியில் வெள்ளைத் தாள் நாலு சேர்த்துத் தைத்தார். அந்தப் புத்தகத்துக்கு அது கணக்கில் இல்லாத தாள். எதற்கு என்றேன். சர்க்கார் புத்தகம் தைக்கிறவர்கள் வழக்கம் அது என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு இதையும் சொன்னார்: "எழுத மறந்தது எதுனா இருக்கும் பெருமாளு. ஞாபகம் வர்றப்ப எடம் இல்லேன்னு சொல்லிடக் கூடாது பாரு."

வெள்ளைச் சேலை

அந்த மார்கழியில் பாய் போய்விட்டார். இருமல் என்று படுத்தார், நாலே நாள். நானும் அவரைச் சுமந்துபோன சந்தூக்கோடு கபர்ஸ்தான் வரைக்கும் நடந்தேன். எல்லாரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். மருமகன் காரைக்காலில் இருந்து வந்திருந்தான். அவனும் நானுமாக மேரிக்கு வந்து சாவைப் பதிந்தோம். பிறப்பு இறப்புக்கு மேஜை தனி. அந்தப் பதிவிலும் மேர் கையெழுத்துப் போட்டார், எப்போதும் போலப் பார்க்காமல். அருளப்பர் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்த பிறகும் பாய் போன சேதியை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறப்பு இறப்பு மேஜைக்காரர் சொல்லியிருக்கலாம். ஏதோ நாற்காலித் தகராறில் அவருக்கும் அருளப்பருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம்.

உயிர்க் காகித நாள் வந்தது. அருளப்பர் பழைய பட்டியலைப் பார்த்து எல்லாப் பேரையும் நிரப்பினார். இந்தத் தடவை பாயைக் காணவில்லையே, உடம்பு சரியில்லையோ, வீட்டிலேயே கொடுத்துவிடு என்று ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். பாய் மண்ணுக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆயிற்று என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. வேலை போகும், என் பென்ஷனும் போகும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் 'என் முன்னால் நேரில் வந்து நின்றார்' என்று இருந்தது. ஆறு வருஷம் அந்த மனுஷன் வந்து வந்து நின்றதைப் பார்த்தவன் நான். அதைக் கிழிக்க விட மனசு வரவில்லை.

முல்லா வீதிக்குக் கொண்டுபோனேன். பாயம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள், வெள்ளைச் சேலையோடு, வெளி ஆண்களுக்கு முகம் காட்டாமல் உள்ளேயே இருக்கவேண்டிய காலம். மருமகன் காகிதத்தை வாங்கி, பிரெஞ்சைத் தமிழாக்கி, திரைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகப் படித்தான். படித்து முடித்தான். அழுவாரோ, தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். திரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது, நிதானமாக: "எங்க வூட்டுக்காரரு வந்து நின்னாருன்னு மேரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்ப நான் எதுக்குத் தம்பி வெள்ளைச் சேலை கட்டிக்கினு உட்காந்திருக்கேன்? போயி சபையிலே கேட்டுக்கினு வாங்க."

சபையில் காதர் பாய்

மருமகன் ஒரு கடிதம் எழுதி, உயிர்க் காகிதத்தையும் சாவுப் பதிவின் நகலையும் அதோடு குத்தி அருளப்பரிடம் கொடுத்தான். அருளப்பர் இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். ஒரே மேர், ஒரே மை. ஒரு காகிதத்தில் மார்கழியில் செத்தவர், இன்னொன்றில் தை பிறக்கும்போது எதிரே வந்து நிற்கிறார். இதை ரத்து பண்ணுவது மேர் கையில் இல்லை, சபைதான் செய்யவேண்டும், அதுவும் மேர் சம்பந்தப்பட்டதால் முதல் விஷயமாக வரவேண்டும் என்று அருளப்பர் சொல்லிவிட்டார். அது சட்டமா, அருளப்பர் ஆசையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு ஒரு நாற்காலி காலி இல்லை. மாமியாருக்குக் குணமாகிவிட்டது, வில்லியனூர் பஸ்ஸும் நேரம் தள்ளிப் போனது. சாயங்காலம் ஆரம்பித்த பேச்சு விளக்கு வைத்தும் ஓயவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, ஆளைப் பார்த்தீர்களா பார்க்காமல் போட்டீர்களா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். பார்க்கவில்லை என்றால் கையெழுத்துக் கட்டு வெளியே வந்துவிடும். மேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பார்த்தேன், வந்தார், தேதியை எழுதினதில்தான் கிளார்க் தவறு என்றார். அருளப்பர் தலையைக் குனிந்து அதையும் எழுதிக்கொண்டார். எதிர்க்கட்சிக்காரர் விடவில்லை. பார்த்தீர்கள், சரி, அவர் உங்களிடம் என்ன பேசினார் என்றார். மேருக்கு யோசிக்க நேரம் இல்லை. வாயில் உண்மை வந்துவிட்டது. "வேற என்னா பேசுவாரு? எங்க பென்ஷன் என்ன ஆவும், சபையிலே பேசுங்கன்னுதான் கேட்டாரு" என்றார்.

அருளப்பரின் பேனா ஓடுகிற சத்தம் வாசல் வரைக்கும் எனக்குக் கேட்டது. இதை மட்டும் தமிழில் எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குப் புத்தகத்தில் எழுதுகிற தாள் முடிந்து, பாய் சேர்த்துத் தைத்த வெள்ளைத் தாள் ஆரம்பித்திருந்தது. எதிர்க்கட்சிக்காரர், அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார். பதில் வந்தால் அவர் கட்சியும் ஒரு பதில் சொல்லவேண்டி வருமே. ஒருவர் மெல்ல எழுந்து என் பக்கம் வந்து குடையைக் கேட்டார். இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். மேர் மணியில் கை வைத்தார். வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சில் பாய் உட்காரும் இடம் காலியாக இருந்தது. மருமகன்கூட அதில் உட்காரவில்லை, தள்ளித்தான் இருந்தான். எத்தனையோ வருஷமாக அந்தச் சபையில் ஒரு வார்த்தை பேசாத அருளப்பர், பேனாவை மூடாமல் தலையைத் தூக்கி மேரைப் பார்த்துக் கேட்டார்: "முசியே, பதிலுக்கு நாலு விரக்கடை எடம் விட்டு வெச்சிருக்கேன். என்னான்னு எழுதட்டும்?"

மணி அடித்துவிட்டது.

அறுபத்திரண்டில் முழுக் கையெழுத்தும் ஆகிவிட்டது என்று ஊரில் மறுபடி வெடி போட்டார்கள். பென்ஷன் நிற்கவில்லை. பாயம்மாவுக்கும் அவர் பங்கு வந்தது. யார் பேசி, எங்கே பேசி வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் சபையில் பேசி வரவில்லை, அது மட்டும் தெரியும். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கையெழுத்துக் கட்டையும் சேர்த்து நான் சொல்லவேண்டி வரும் என்று விட்டுவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு அருளப்பர் அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். கேள்வி இருந்தது, காதர் பாய் பேரோடு, நீல மையில். அதற்குக் கீழே வெள்ளை. தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தேன். தையலில் ஒரு இழைகூட விட்டிருக்கவில்லை. இப்போது பாய் இருந்தால் அந்த வெள்ளை இடத்தைக் காட்டி என்ன சொல்வார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்தக் குரலைக் கேட்கத்தான் காது ஏங்குகிறது.

இப்போதெல்லாம் முதலியார்பேட்டையில் இருந்து கிளம்பி வருஷத்துக்கு ஒரு தடவை நானும் ஒரு வாசலில் போய் நிற்கிறேன். அங்கே நிற்கிறவர் உள்ளே ஐயா இல்லை என்று முகம் கோணாமல் சொல்கிறார், விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் பாவம் என்று தலையாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.